வாத்து 33 நாளாக அடையில் இருக்கிறது, ஒரு குஞ்சும் வரவில்லை: என்ன செய்வது?

உப்புவெளி வளவு
தை (ஜனவரி) 12, இரவு 8.40

வணக்கம். வாத்து வளர்த்தவர்கள் இருந்தால் கெதியாகப் பதில் தாருங்கள். தாரா இல்லை, வாத்து. வெள்ளை நிறம், அலகின் மேல் செம்மஞ்சள் புடைப்பு உள்ள சீன இனம். போன ஆவணியில் வாங்கினோம். சேவலும் பேடும் சோடி என்று சொல்லித்தான் தந்தார்கள். அப்போதே ஒரு வயது தாண்டியவை.

கார்த்திகை 24இல் முதல் முட்டை. பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு நாள் காலையும் ஒன்று. 17 நாளில் 15 முட்டை. வளவின் பின்பக்கம் பழைய தோணியைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். அதன் கீழே காய்ந்த ஓலையையும் தும்பையும் இழுத்துச் சேர்த்துத் தானே கூடு கட்டினாள். மார்கழி 10ஆம் திகதி அடைக்கு இருந்துவிட்டாள். நெஞ்சில் உள்ள மெல்லிய தூவியைப் பிடுங்கிப் பிடுங்கி முட்டைகளைச் சுற்றி வைத்திருக்கிறாள், தொட்டால் பஞ்சு மெத்தை போல இருக்கும்.

மற்றது கூட்டை விட்டு நகராது. யார் போனாலும் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறும். சில இரவுகளில் இரண்டும் கூட்டில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். தகப்பன் காவல் நிற்கிறார் என்று என் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

இன்று 33 நாள். நான்கு நாளாக அவள் தண்ணீருக்குக்கூட எழும்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.


கிண்ணியாத் துறையடி
தை 12, இரவு 9.15

தங்கச்சி, வாத்து முட்டைக்குக் கணக்கு 28 முதல் 30 நாள். அடிக்கடி எழும்பி, முட்டை குளிர்ந்து போயிருந்தால் ஒன்றிரண்டு நாள் தள்ளலாம். 33 என்றால் நல்ல அறிகுறி இல்லை. ஆனால் பார்க்காமல் எறிய வேண்டாம்.

இரவு நன்றாக இருட்டிய பிறகு போங்கள். ஒருவர் தடியும் சாக்கும் வைத்து மற்றதை மறித்துக்கொள்ளட்டும். டோர்ச்சின் வாயில் விரல்களை வளைத்து மூடி, முட்டையின் பருத்த பக்கத்தை அதில் வையுங்கள். உயிர் இருந்தால் இந்த நாளுக்குள் உள்ளே முழுக்கக் கறுப்பாக இருக்கும், மேலே காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். முட்டை முழுக்க மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் அதில் ஒன்றுமில்லை, கூழ்முட்டை. குலுக்க வேண்டாம். நாறிய முட்டை கையிலேயே வெடிக்கும், அந்த நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. இதை 8ஆம், 10ஆம் நாளிலேயே பார்த்திருக்கலாம். சரி, இனிமேலாவது பாருங்கள்.


தாமிரபரணிக் கரை
தை 12, இரவு 9.50

ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் நீங்கள் தாரா என்பதைத்தான் பலர் வாத்து என்பார்கள். அதனால் இனம் உறுதிதானே? மணிலா வாத்தாக இருந்தால் 35 நாள் ஆகும், இன்னும் பொறுக்கலாம். புடைப்பு என்று சொன்னதால் சீன வாத்துதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருகின்றன. நூற்றுக்கணக்கில் நின்றாலும் ஒரு கூடு பார்க்க முடியாது, குஞ்சு பொரிப்பதெல்லாம் வடக்கே மத்திய ஆசியாவில்தான். வாத்து அடைகாப்பதைக் கண்ணால் பார்க்க எனக்குப் பல வருட ஆசை. படம் இருந்தால் போடுங்கள்.


உப்புவெளி வளவு
தை 13, இரவு 10.20

தம்பி, சீன வாத்துதான், சந்தேகமில்லை.

பார்த்துவிட்டோம். கணவர் மற்றதைச் சாக்கால் மறிக்க, நான் தோணிக்குக் கீழே குனிந்து கையை விட்டேன். அலகால் கவ்வி முறுக்கினாள், செட்டையால் முழங்கையில் ஒரு அடி. இன்னும் கண்டிப்போய் இருக்கிறது. ஆனால் முட்டையை எடுக்க எடுக்க, கையைக் கடிப்பதை விட்டுவிட்டு மிச்ச முட்டைகளை அலகால் தன் கீழே தள்ளத் தொடங்கினாள். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை.

15இல் 11 வெறும் வெளிச்சம். மூன்றில் உள்ளே கலங்கிய தண்ணீர் ஆடுகிறது. ஒன்று வெடிப்பு விட்டு நாறுகிறது. ஒரு நரம்புகூட எதிலும் இல்லை. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. நாற்றம் வந்த ஒன்றைப் புதைத்துவிட்டு, மிச்சத்தை அவளுக்குக் கீழேயே திரும்ப வைத்திருக்கிறேன்.


தம்பலகாமம் வயல்வெளி
தை 14, காலை 6.05

பிள்ளை, பொங்கல் வாழ்த்துகள். உங்கள் முதல் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். 17 நாளில் 15 முட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விசயம் இருக்கிறது.

கோழி தினமும் இடும், தாராவும் இடும். வாத்துப் பேடு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இடும். 17 நாளில் ஒரு பேடு 8, மிஞ்சினால் 9. பதினைந்து வர வேண்டுமென்றால் அந்தக் கூட்டில் இரண்டு பேர் இட்டிருக்க வேண்டும். இரவில் இரண்டும் ஒரே கூட்டில் ஒட்டிப் படுப்பதும் அதற்குப் பொருந்தி வருகிறது. சேவல் பக்கத்தில் காவல் நிற்கும், அடைக்கு இருக்காது. உங்களிடம் இருப்பது இரண்டும் பேடு என்றுதான் நான் நினைக்கிறேன்.

குரலைக் கேளுங்கள். சேவலின் குரல் மெல்லியதாக, உச்சத்தில் கிறீச்சிடும். பேட்டின் குரல் தடித்தது, தாழ்ந்தது. ஒன்றைக் கூட்டிலிருந்து கொஞ்சத் தூரம் பிரித்தால் இரண்டும் கூப்பிடும், அப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். புடைப்பும் பாருங்கள், சீன இனத்தில் சேவலுக்குப் பெரிதாக முன்தள்ளி நிற்கும்.


வந்தாறுமூலை மாணவி
தை 14, முற்பகல் 11.30

ஐயா சொன்ன கணக்கு சரியானது. குரலும் புடைப்பும் சில பறவைகளில் ஏமாற்றும், முடிவாகச் சொல்வதற்குக் கழிவாயைத் திறந்து பார்க்க வேண்டும். சேவலுக்கு உள்ளே சுருண்ட உறுப்பு வெளியே வரும். தெரியாமல் அழுத்தினால் காயப்படும், அதனால் தெரிந்த கால்நடை வைத்தியரிடம் கொடுங்கள் அக்கா. துணையில்லாத இரண்டு பேடுகள் சோடி சேர்வது வாத்துகளில் உண்டு. ஒன்று இருக்கும், ஒன்று காக்கும், பிறகு மாறிக்கொள்ளும்.

நீங்கள் எழுதிய ஒரு விசயம், முட்டையை அலகால் தன் கீழே தள்ளினாள் என்பது. கொன்ராட் லோறன்ஸ், நிக்கோ டின்பெர்கன் என்ற இருவர் 1938இல் சாம்பல் வாத்தை வைத்து எழுதியது இதைத்தான். கூட்டுக்கு வெளியே ஒரு முட்டை கிடந்தால், வாத்து கழுத்தை நீட்டி அலகின் அடியால் அணைத்து உருட்டிக் கொண்டுவரும். பாதியில் முட்டையை எடுத்துவிட்டாலும் அந்த அசைவை நிறுத்தாமல் கூடு வரை இழுத்து முடிக்கும். முட்டை போன்ற வேறு பொருளை வைத்தாலும் உருட்டும். இருவரும் கார்ல் வொன் ஃபிரிஷுடன் சேர்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முட்டைக்குள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. 30 நாள் முடிந்துவிட்டது என்று அவள் எழும்பிப் போகப் போவதில்லை. இன்னும் வாரக்கணக்கில் இருக்கக்கூடும். நீங்கள்தான் முடித்து வைக்க வேண்டும்.


உப்புவெளி வளவு
தை 15, மாலை 5.45

இரண்டும் பேடுதான்.

நேற்று மற்றதைத் தூக்கி வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டோம். இரண்டும் மாறி மாறிக் கூப்பிட்டன. இரண்டும் ஒரே தடித்த குரல். இன்று தெரிந்த கால்நடை வைத்தியர் ஒருவர் வந்து பார்த்து உறுதிப்படுத்தினார். சோடி என்று விற்றவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம், ஆனால் சோடிக்கென்று கூடுதல் காசு வாங்கினார்கள், அது எனக்கு மனவருத்தம்தான்.

அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. வைத்தியர் அவளைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நெஞ்செலும்பு கத்தி முதுகு போலக் கையில் வெட்டுகிறது. இரண்டு பக்கமும் தசை வடிந்துவிட்டது. மற்றவளுக்கு அப்படி இல்லை. இவ்வளவு நாளும் காத்து நின்ற அந்தக் "தகப்பன்" மெலியவில்லை, இவள்தான் மெலிந்திருக்கிறாள்.

இப்போது முட்டைகளை எடுத்துவிட்டுக் கூட்டைக் கலைப்பதா, அல்லது யாரிடமாவது நல்ல முட்டை வாங்கி வைப்பதா?


கிண்ணியாத் துறையடி
தை 15, இரவு 7.10

நல்ல முட்டை வையுங்கள் என்பேன். ஒரு மாதத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறாள், வெறுங்கையோடு எழுப்பினால் பாவம். என்னிடம் சேவலோடு ஓடிய பேடு இப்போது இட்டுக்கொண்டிருக்கிறது, ஐந்து முட்டை தரலாம். காசு வேண்டாம்.


தம்பலகாமம் வயல்வெளி
தை 15, இரவு 7.55

கிண்ணியா நானா, உங்கள் மனம் பெரியது. ஆனால் புது முட்டை வேண்டாம். புது முட்டை என்றால் இன்னும் 30 நாள். ஏற்கெனவே 36. அவள் உடம்பு தாங்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாம்பல் பேடு எங்கள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இருந்தது. முட்டைகள் கூழ். நான் கதிர் அறுப்பு வேலையில் கவனிக்கவில்லை, பிறகு பார்த்து ஐந்து புது முட்டைகளை வைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். 50ஆவது நாள் சொச்சம், காலையில் நெல்லை முன்னால் வைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கினேன். உமி நிறைத்த பை போல இருந்தாள், பாரமே இல்லை. மத்தியானம் கூட்டிலேயே தலையைச் செட்டைக்குள் வைத்தபடி போய்விட்டாள். முட்டைகள் அப்போதும் சூடாக இருந்தன. அந்தச் சூடு என் கையை விட்டு இன்னும் போகவில்லை.

அடையில் இருக்கும் வாத்து ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் எழும்பும். முட்டையைத் தூவியால் மூடிவிட்டுப் போய், அவசர அவசரமாக மேய்ந்து, குளித்து, ஈரச் சிறகோடு திரும்பி வரும். அந்த ஈரம் முட்டைக்கும் தேவை. அதையும் நிறுத்திவிட்டாள் என்றால் உடம்பைத் தின்றுகொண்டு இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாம்தான் தண்ணீரையும் நெல்லையும் அலகுக்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும்.


மூதூர் இறங்குதுறை
தை 15, இரவு 8.30

எழுப்பிவிடுவதுதான் சரி. முட்டைகளை எடுத்து, தும்பை அள்ளி, தோணிக்கு அடியைப் பலகையால் அடைத்துவிடுங்கள். இரண்டையும் வேறு பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோடு விடுங்கள். நான்கைந்து நாள் கத்துவாள், பிறகு மேயத் தொடங்குவாள். எங்கள் வீட்டில் இரண்டு தரம் செய்திருக்கிறேன்.

அப்புறம், கடற்கரை வளவு என்றபடியால் கேட்கிறேன், தோணிக்குக் கீழே நைலோன் வலைத் துண்டு கிடக்கிறதா? இருந்தால் முதலில் அதை எடுங்கள். கூட்டுக்கு இழுத்துப் போட்டுவிடும். குஞ்சின் காலில் சுற்றினால் காலே போய்விடும்.


தம்பலகாமம் வயல்வெளி
தை 15, இரவு 9.00

மூதூர்த் தம்பி சொல்வதும் சரியான வழிதான். ஆனால் இன்னொன்று இருக்கிறது. என் பேடு ஒன்று மார்கழி 22இலிருந்து 9 முட்டையில் இருக்கிறது. நாளை 25ஆம் நாள். வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன், எட்டு நல்லது. நான்கைத் தருகிறேன். உங்கள் பிள்ளை இன்னும் ஐந்தாறு நாள்தான் இருக்க வேண்டிவரும். அதற்குள் நன்றாகத் தின்னக் கொடுத்துப் பிடித்துவிடலாம். நாளை மாலை மோட்டார் சைக்கிளில் வாருங்கள். கடகத்துக்குள் உமி நிரப்பி வைக்கிறேன்.

இந்த வயதில் குஞ்சு தன் சூட்டைத் தானே உண்டாக்கும், ஒரு மணித்தியாலப் பயணம் தாங்கும். குலுக்கல்தான் கூடாது. கடகத்தைப் பின்னால் கட்ட வேண்டாம், ஒருவர் மடியில் வைத்திருக்க வேண்டும்.


உப்புவெளி வளவு
தை 16, இரவு 10.50

கொண்டு வந்தாயிற்று. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

20 கிலோமீற்றருக்கு மேல், வழியெல்லாம் மழைத் தூறல். கடகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கணவர் ஒவ்வொரு குழியிலும் நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினார். சீனக்குடா தாண்டும்போது ஒரு முட்டை என் உள்ளங்கைக்குள் அசைந்தது போல இருந்தது. அசைந்ததா, என் மனமா தெரியாது.

இருட்டில் பழைய முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த இடத்திலேயே புதியதை வைத்தேன். இந்த முறை கடிக்கவில்லை. கழுத்தைக் குனிந்து நான்கையும் அலகால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிறகைத் தாழ்த்திக்கொண்டாள். நனைத்த நெல்லும் குறுணலும் ஒரு கிண்ணத்தில், கிணற்றுத் தண்ணீர் ஒரு கிண்ணத்தில், கூட்டோடு ஒட்டி. பாதி நெல்லைத் தின்றுவிட்டாள்.


வந்தாறுமூலை மாணவி
தை 17, காலை 9.20

நல்ல செய்தி அக்கா. குஞ்சு வருமுன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டில் முதல் வெடிப்பு விட்டதிலிருந்து வெளியே வர ஒரு நாள், இரண்டு நாள், சிலவேளை அதற்கு மேலும் எடுக்கும். உரித்து உதவ வேண்டாம். உள்ளே இரத்த நரம்பு இன்னும் சுருங்கியிருக்காது, மஞ்சட்கரு வயிற்றுக்குள் போய் முடிந்திருக்காது. முதல் நாள் தீனி தேவையில்லை, அந்த மஞ்சட்கரு போதும்.

இரண்டாம் நாளிலிருந்து இளம் அறுகம்புல்லைப் பொடியாக வெட்டிப் போடுங்கள், வாத்துக் குஞ்சு பிறந்ததிலிருந்தே புல் தின்னும். கடையில் கோழிக்குஞ்சுத் தீன் வாங்கினால் மருந்து கலந்ததா என்று கேட்டு, கலக்காததை வாங்குங்கள். கோழித் தீனில் வாத்துக் குஞ்சுக்கு வேண்டிய நியாசின் என்ற விட்டமின் போதாது, கால் வளைந்து உட்கார்ந்துவிடும். கொஞ்சம் ஈஸ்ட் கலந்தால் சரியாகும். புரதம் மிகக் கூடினால் செட்டை நுனி வெளிப்பக்கம் திரும்பிவிடும், அதனால் சில வாரத்தில் தீனைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். குடிக்கும் பாத்திரம் கண்ணும் மூக்கும் நனையும் ஆழம் இருக்க வேண்டும், உடம்பு இறங்கும் அகலம் இருக்கக்கூடாது. கடல்தண்ணீர் பக்கம் விடாதீர்கள்.


கிண்ணியாத் துறையடி
தை 17, பிற்பகல் 2.15

தம்பலகாமத்து ஐயா சொன்னதை யோசித்தேன். நான் சொன்னது பிழை, ஒத்துக்கொள்கிறேன். இட்ட முட்டைகளில் நான்கை நாட்டுக்கோழிக்கு வைத்துவிட்டேன். கோழியால் வாத்து முட்டையைப் புரட்ட முடியாது, அதனால் ஒரு பக்கம் கரியால் அடையாளமிட்டு நானே நாளுக்கு மூன்று தரம் புரட்டுகிறேன். பத்தாம் நாளுக்குப் பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளிப்பேன்.

தங்கச்சி, குஞ்சு வந்ததும் இரவில் கம்பி வலை போட்ட கூடு வேண்டும். கீரியும் மரநாயும் ஒரு பக்கம், பகலில் கபறக்கொய்யா, அதுதான் நீர் உடும்பு. தாய் எவ்வளவு சீறினாலும் கபறக்கொய்யா பின்னால் வந்து ஒன்றை இழுத்துக்கொண்டு போய்விடும்.


உப்புவெளி வளவு
தை 20, மாலை 6.30

கூட்டுக்கு மேல் குனிந்தால் உள்ளே கீச்சிடும் சத்தம் கேட்கிறது! முட்டைக்குள்ளிருந்துதான். அவள் அதற்குத் தொண்டைக்குள் முனகுவது போல மெல்லப் பதில் சொல்கிறாள். இந்த ஐந்து மாதத்தில் அவளிடம் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. இரண்டு முட்டையில் நட்சத்திரம் போல வெடிப்பு. பிள்ளைகள் சாப்பிட வர மாட்டேன் என்கிறார்கள்.


தம்பலகாமம் வயல்வெளி
தை 20, இரவு 7.00

இங்கேயும் ஒன்று வெடித்திருக்கிறது. தொடாமல் இருங்கள். பொறுமை.


உப்புவெளி வளவு
தை 22, முற்பகல் 10.10

மூன்று குஞ்சுகள். நான்காவது ஓட்டைப் பாதி உடைத்த நிலையில் நேற்றிரவு இறந்துவிட்டது. உரிக்கவா என்று பல தரம் கை போனது, மாணவித் தங்கச்சி சொன்னதை நினைத்து விட்டுவிட்டேன். தோணிக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

மற்ற மூன்றும் மஞ்சள், உச்சியில் கொஞ்சம் சாம்பல். இரவு முழுக்க அவளுடைய செட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐயா, உங்களுடையது எத்தனை?


தம்பலகாமம் வயல்வெளி
தை 22, பிற்பகல் 1.40

எனக்கு ஐந்து முட்டையில் நாலு குஞ்சு. ஒன்று முதலிலேயே கூழ்.

அடுத்த மாரிக்கு உங்களுக்கு ஒரு சேவல் வேண்டும். இந்தக் குஞ்சுகளில் சேவல் இருந்தாலும் முதல் வருடம் நம்ப வேண்டாம், இரண்டாம் வருடத்தில்தான் கருப்பிடிப்பு நன்றாக இருக்கும். என்னிடம் மூன்று வயதுச் சேவல் ஒன்று இருக்கிறது. ஒரு சேவலுக்கு நாலு பேடு வரை தாராளம். ஆனால் உங்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் இறுகிப் போனவர்கள், புது ஆளை உடனே ஏற்க மாட்டார்கள். அதனால் ஆடி, ஆவணியிலேயே கொண்டுவந்து பழக விடுங்கள், முட்டைக் காலம் தொடங்கிய பிறகு விட்டால் பலனில்லை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு சீமெந்துத் தொட்டியும் கட்டுங்கள். தரையிலும் சேரும், தண்ணீரில்தான் ஒழுங்காகச் சேரும்.


உப்புவெளி வளவு
தை 24, மாலை 5.20

தொட்டிக்கு இடம் பார்த்துவிட்டோம் ஐயா, கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில்.

இன்று காலை மழை விட்டதும் அவள் முதல் தடவையாகக் குஞ்சுகளோடு முற்றத்துக்கு வந்தாள். கால் தடுமாறுகிறது, ஆனால் நடக்கிறாள். முன்னால் அவள், நடுவில் மூன்று, கடைசியில் மற்றவள். கிணற்றடிப் புல்லில் அவள் தலையைக் குனிந்தவள் அரை மணித்தியாலம் நிமிரவேயில்லை. அவ்வளவு நேரமும் மற்றவள் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் கழுத்தை நிமிர்த்தி நின்றாள். வேலியில் ஒரு காகம் வந்து இருந்ததற்கே செட்டையை விரித்துக்கொண்டு ஓடினாள்.

பிள்ளைகள் இப்போது அவளைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறார்கள்.